வெளிநாட்டு உதவிக்கு ஏன் நிபந்தனை போடுகிறார்கள்?

"கணக்கைச் சரியாகக் காட்டு, ஊழலைத் தடு, வரவு செலவைச் சீர்செய், அதைப் பார்த்துவிட்டு அடுத்த தவணை" என்று சொல்லிப் பணம் கொடுப்பதுதான் நிபந்தனையுள்ள உதவி. அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டுமானத்தைப் பார்த்துப் பார்த்து வங்கி வீட்டுக்கடனை விடுவிக்கும் அல்லவா, அதே முறை.

காரணம் எளிது. கருவூலத்துக்குள் போய்விட்டால் எது யார் கொடுத்த பணம் என்று பிரிக்க முடியாது. ஆப்பிரிக்காவின் மலாவியில் 2013இல் அரசின் கணினிப் பட்டுவாடா முறையில் புகுந்து, நடக்காத வேலைக்குப் பணம் எடுத்து, பதிவையும் அழித்துவிட்டார்கள். அரசு ஊழியர்களின் கார்களில் கட்டுக் கட்டாகப் பணம் சிக்கியது. பிரிட்டன் உள்ளிட்ட நாடுகள் பட்ஜெட் உதவியை, அதாவது நேராக அரசுக் கருவூலத்துக்குக் கொடுக்கும் பணத்தை, நிறுத்தின. நியாயமான முடிவு என்றே சொல்வேன்.

நிபந்தனை மீறினால் எல்லா உதவியும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மலாவியில் நின்றது கருவூலத்துக்குப் போன பணம். சுகாதார உதவி தொண்டு நிறுவனங்கள் வழியாகத் தொடர்ந்தது.