பின் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தால்: கேள்வி பதில்

கேள்வி: சார், என் ஸ்விஃப்டில் இடது பின் டயர் மட்டும் உள்விளிம்பில் மொழுமொழுவென்று ஆகிவிட்டது. வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது. இரண்டு முறை அலைன்மென்ட் செய்தும் பலனில்லை.

பதில்: அந்த இரண்டு முறையும் பின்சக்கரங்களை அளந்தார்களா? பல கடைகளில் முன்சக்கரத்தை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் காரில் பின்னால் இருப்பது டோர்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புக் குறுக்குச்சட்டம். அதில் டோவையும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கேம்பரையும் (பின்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) திருகிச் சரிசெய்ய வழியே கிடையாது. அளவு தப்பியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்தச் சக்கரம் பள்ளத்திலோ பிளாட்பாரக் கல்லிலோ பலமாக இடித்ததா என்று யோசித்துப் பாருங்கள். நான்கு சக்கரத்துக்கும் அளவெடுத்து, பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். இடது பின் டோவும் வலது பின் டோவும் அதில் தனித்தனியாக வரும். பீமைச் சூடுபண்ணி நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். சூட்டில் அந்த இரும்பின் வலு போய்விடும்.

கேள்வி: 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பின்னாலிருந்து ஊஊவென்று சத்தம். பியரிங் மாற்றியும் போகவில்லை அண்ணா.

பதில்: பியரிங் மாற்றுவதற்கு முன்பு டயரைத் தடவிப் பார்த்திருக்கலாம் தம்பி. பியரிங் சத்தம் பெரும்பாலும் வளைவில் மாறும், டயர் சத்தம் சாலை மாறும்போது மாறும். காரைச் சமதரையில் நிறுத்தி, உள்ளங்கையை டயரின் சுற்றுவட்டத்தில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒரு திசையில் வழுக்கிப் போய், மறுதிசையில் ரம்பப் பல் மாதிரி கையில் தட்டினால் டோவைச் சந்தேகப்படுங்கள். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பின்னால் பாரம் குறைவு என்பதால், டயரை இடம் மாற்றாமலே ஓட்டினாலும் இப்படி ஆகும். அங்கங்கே குழிகுழியாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். அதன் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அது தளர்ந்தால் சக்கரம் சாலையில் பதியாமல் துள்ளும். துள்ளி விழும் இடமெல்லாம் குழிதான். மாற்றினால் பின்னால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: நடுவில் மட்டும் தேய்கிறது.

பதில்: காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பு, டிரைவர் பக்கக் கதவருகே உள்ள ஸ்டிக்கரைப் பார்த்துக் காற்றுப் பிடியுங்கள்.

கேள்வி: உள்விளிம்பு தேய்ந்த டயரை முன்னால் போட்டு ஓட்டலாமா?

பதில்: ரப்பர் தேய்ந்து டயருக்குள் இருக்கும் கம்பி தெரிந்தால் எங்கேயும் போடாதீர்கள், இன்றே கழற்றிவிடுங்கள். தெரியாவிட்டாலும், காரணத்தைச் சரிசெய்யாமல் இடம் மாற்றினால் பின்னால் வரும் நல்ல டயரும் அதே மாதிரி போய்விடும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரை இடம் மாற்றுவது நல்ல டயரைக் காப்பாற்றத்தான். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் பின்னால் போடுங்கள். மழைச் சாலையில் முன் டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளித்துவிடலாம், பின் டயர் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். பட்டன் ஆழம், அதாவது டயரின் மேல் உள்ள பள்ளங்களின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. அதை வெளிப்பக்கம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குனிந்து, போன் லைட்டை அடித்து உள்விளிம்பைப் பாருங்கள்.