சாங்கியில் இரட்டைக் கட்டடம்: எக்ஸ்பிளேன் 12-இல் சீனரிகளை அடுக்குவது எப்படி?

கேள்வி: எக்ஸ்பிளேன் 12 என்ற விமான சிமுலேட்டர் ஓட்டுகிறேன். 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம். முன்பு சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தைக் காட்டும் ஓர் இலவச சீனரி (நிலக்காட்சித் தொகுப்பு) போட்டிருந்தேன். அண்மையில் காசு கொடுத்து இன்னொன்று வாங்கினேன். பிறகு செயற்கைக்கோள் படத் தரையும் (ஆர்த்தோ) சேர்த்தேன். உடனே சாங்கியில் ஓடுபாதை மட்டும் இருந்தது, கட்டடம் ஒன்றுகூட இல்லை. யாரோ சொன்னதைக் கேட்டு சீனரி பட்டியல் கோப்பை அழித்தேன். கட்டடங்கள் திரும்பி வந்தன, ஆனால் நான்காம் முனையத்துக்குள் ஒரு பழைய கட்டடமும் செருகிக்கொண்டு நிற்கிறது. கிழக்குப் பக்க ஓடுபாதையில் மேடு பள்ளம். இறங்கும் நேரத்தில் படம் விட்டுவிட்டு ஓடித் தடுக்குகிறது, தரை மங்கலாகிறது. எங்கிருந்து தொடங்குவது?
– செங்காங் வாசகர்

பதில்: உங்கள் கணினியிலும் கோளாறு இல்லை, வாங்கிய சீனரியிலும் அநேகமாக இல்லை. நீங்கள் சொன்ன நான்கில் இரண்டு வெறும் வரிசைத் தகராறு. மேடு பள்ளம் தனிக் கதை, தடுக்கலும் மங்கலும் இன்னொரு கதை. ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் எதுவும் தீராது.

முதலில் வரிசை. எக்ஸ்பிளேனின் கஸ்டம் சீனரி ஃபோல்டருக்குள் சீனரி பேக்ஸ் என்ற ஐஎன்ஐ கோப்பு இருக்கிறது. நோட்பேடில் திறந்தால் ஒரு சீனரிக்கு ஒரு வரி. மென்பொருள் இதை மேலிருந்து கீழாகப் படிக்கிறது, மேலே உள்ளதற்கே முன்னுரிமை. புதிதாக எதைப் போட்டாலும் அடுத்த முறை தொடங்கும்போது அது தானாகப் பட்டியலின் உச்சியில் ஏறிவிடும். வினை அங்கேதான்.

ஆர்த்தோ என்பது வெறும் படம் அல்ல, நிலத்தின் மேடு பள்ளத்தோடு நிலப்பரப்பையே புதிதாக வரையும் வலை, அதாவது மெஷ். ஓர் இடத்துக்கு மெஷ் கிடைத்தவுடன் எக்ஸ்பிளேன் அதற்குக் கீழே உள்ள சீனரிகளின் கட்டடம், மரம், சாலை எதையும் அந்த இடத்துக்கு ஏற்றாது. ஓடுபாதையும் டாக்ஸிவேயும் வேறொரு கோப்பிலிருந்து வருவதால் அவை மட்டும் தப்பிக்கும். நீங்கள் பார்த்த மொட்டைச் சாங்கி இதுதான். கோப்பை அழித்ததும் எக்ஸ்பிளேன் அகர வரிசைப்படி புதிய பட்டியல் போட்டது. ஆர்த்தோ ஃபோல்டரின் பெயர் இசட்டில் தொடங்குவதால் அது அடியில் போய் உட்கார்ந்தது, கட்டடங்கள் வந்தன. நல்ல வேளை. ஆனால் அடிக்கடி அழிப்பதைப் பழக்கமாக்காதீர்கள். நீங்கள் கையால் போட்ட வரிசை, தற்காலிகமாக நிறுத்தி வைத்தவை எல்லாம் அதோடு போய்விடும்.

எக்ஸ்பிளேனை மூடிவிட்டு, ஐஎன்ஐ கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு, வரிகளை இப்படி நகர்த்துங்கள். உச்சியில் நீங்கள் வாங்கிய சாங்கி, சிலேத்தார் போன்ற தனி விமான நிலையங்கள். அதற்குக் கீழே நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே குளோபல் ஏர்போர்ட்ஸ் என்றிருக்கும் வரி, எக்ஸ்பிளேனோடு வரும் நிலையங்கள் இவை. பின்னர் தரையை மாற்றாமல் அதன்மேல் நகரக் கட்டடம், காடு, சாலை மட்டும் தரும் ஓவர்லேகள். கடைசியில் ஆர்த்தோவும் மற்ற மெஷ்களும். லைப்ரரிகள், அதாவது பல சீனரிகள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் பொருள்களின் தொகுப்புகள், எங்கே இருந்தாலும் பெரும்பாலும் பாதகமில்லை, கண்ணுக்கு ஒழுங்காக இருக்க ஓவர்லேகளுக்குப் பக்கத்தில் வைக்கலாம். வரியை முழுதாக வெட்டி ஒட்டுங்கள், கடைசியில் உள்ள சாய்கோடு விட்டுப்போகக் கூடாது. ஆர்த்தோவை வெளி எஸ்எஸ்டியில் வைத்து விண்டோஸ் ஷார்ட்கட் மூலம் இணைத்திருந்தால் பட்டியலில் அதன் முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கும். டிரைவ் எழுத்து மாறிய அன்றைக்கே தரை காணாமல் போகும்.

இனி இரட்டைக் கட்டடம். ஒரே நிலையத்துக்கு இரண்டு சீனரி இருந்தால் ஓடுபாதை விவரம் மேலே உள்ளதிலிருந்து மட்டுமே எடுக்கப்படும், ஆனால் கட்டடங்கள் இரண்டிலிருந்தும் வரும். மேலே உள்ளது ‘இந்த எல்லைக்குள் மற்றவை வரக்கூடாது’ என்று விலக்கு மண்டலம் வரைந்திருந்தால்தான் கீழே உள்ளது மறையும். வரைந்தவர் ஓர் ஓரத்தை விட்டிருந்தால் அந்த ஓரத்தில் பழையது எட்டிப் பார்க்கும். உங்கள் நான்காம் முனையத்துக்குள் நிற்பது பெரும்பாலும் 2012-இல் மூடப்பட்ட பட்ஜெட் முனையம்தான். முனையம் 4 அதே இடத்தில் எழுந்து 2017-இல் திறக்கப்பட்டது. இலவசச் சீனரி அதற்கு முந்தைய காலத்துச் சாங்கியைக் காட்டுகிறது.

தீர்வு எளிது. பழைய சாங்கியின் வரியில் சீனரி பேக் என்ற சொல்லோடு ஓர் அடிக்கோடும் டிஸேபிள்ட் என்ற சொல்லும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் சேர்த்துவிடுங்கள். ஃபோல்டரை அழிக்க வேண்டியதில்லை. இன்னும் கட்டடம் மிஞ்சினால் நகரக் கட்டடம் தரும் ஓவர்லேயைச் சந்தேகியுங்கள், அது சாங்கிக்கு மேலே ஏறியிருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள். மூன்றை ஒன்றாக நிறுத்தினால் சரியாகும், எது காரணம் என்று மட்டும் தெரியாது.

கிழக்கு ஓடுபாதையின் மேடு பள்ளத்துக்கு வருவோம். எக்ஸ்பிளேன் உலகத்தை ஒரு பாகை அகலம், ஒரு பாகை உயரம் கொண்ட டைல்களாக வெட்டி வைத்திருக்கிறது. சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, ஜோகூரின் சினாய் எல்லாம் +01+103 (1 பாகை வடக்கு, 103 பாகை கிழக்கில் தொடங்குவது) என்ற ஒரே டைலைச் சேர்ந்தவை. 104-ஆவது தீர்க்கரேகையோ சாங்கியின் கிழக்குப் பக்கத்தை ஒட்டிப் போகிறது. அதாவது 02ஆர்/20எல் ஓடுபாதையின் பக்கத்திலேயே +01+104 தொடங்கிவிடுகிறது, பாத்தாமின் ஹாங் நாடிம் நிலையமும் அதில்தான். நீங்கள் +01+103-க்கு மட்டும் ஆர்த்தோ இறக்கியிருந்தால் ஒரு பக்கம் புதிய மெஷ், மறுபக்கம் பழைய மெஷ். இரண்டின் உயரமும் பொருந்தாத இடத்தில் படிக்கட்டு மாதிரி விளிம்பு வரும். இரண்டு டைலையும் ஒரே உயரத் தரவிலிருந்து கட்டுங்கள். பாதி மேடு அப்போதே போய்விடும்.

மீதி மேட்டுக்குக் காரணம் அந்த உயரத் தரவு. இலவசமாகக் கிடைக்கும் தரவுகளில் பல, 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம்மை அடிப்படையாகக் கொண்டவை. ரேடார் மரத்தையும் கூரையையும் தரை என்றே எடுத்துக்கொள்ளும். கடலை நிரப்பி நிலம் சேர்க்கும் ஊரில் இருபத்தைந்து ஆண்டு என்பது நெடுங்காலம். சாங்கியின் உண்மையான உயரம் 22 அடி, கிட்டத்தட்ட மேசை மாதிரித் தட்டை. ஆர்த்தோ தரையைக் கட்டித் தரும் கருவியான ஆர்த்தோ4எக்ஸ்பியில் விமான நிலையத்தைச் சமப்படுத்தும் அளவு ஒன்று உண்டு, பெயரில் ஏபிடி ஸ்மூத்திங் என்று வரும், இயல்பு மதிப்பு 8. அதைக் கூட்டி மெஷ்ஷை மட்டும் மறுபடி கட்டிப் பாருங்கள், படங்களைத் திரும்ப இறக்க வேண்டியதில்லை.

அதுவும் போதவில்லை என்றால் சாங்கி சீனரி ஃபோல்டரில், எர்த் நேவ் டேட்டாவுக்குள் உள்ள ஏபிடி டேட் கோப்பைத் திறவுங்கள், ஓடுபாதை விவரம் இருப்பது இதில்தான். 1 என்ற எண்ணில் தொடங்கி, 22 என்ற உயரமும் நிலையக் குறியீடும் பெயரும் வரும் வரிதான் தலைவரி. அதன் கீழே புது வரியாக 1302 என்று எழுதி, இடம் விட்டு ஃபிளாட்டன் என்ற சொல்லை ஆங்கிலச் சிறிய எழுத்தில் போட்டு, மறுபடி இடம் விட்டு 1 என்று முடியுங்கள். நிலைய எல்லைக்குள் தரை சமமாகும். எல்லைக்கு வெளியே கடலோரத்தில் ஒரு சிறு சரிவு தெரியலாம், பறக்கும்போது அது கண்ணை உறுத்தாது. சீனரியைப் புதுப்பித்தால் இந்த வரி போய்விடும், மறுபடி எழுத வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில சீனரிகள் தங்களுக்கென்று தனி மெஷ் ஃபோல்டரும் கொடுக்கும். ஒரு டைலுக்கு ஒரு மெஷ்தான் ஏறும். சிலேத்தாருக்கென்று ஒருவர் கொடுத்த மெஷ்ஷை ஆர்த்தோவுக்கு மேலே வைத்தால் சாங்கி முதல் துவாஸ் வரை உங்கள் ஆர்த்தோ முழுவதும் மறையும். இரண்டும் வேண்டும் என்று அடம்பிடிக்க முடியாது. நிலையத்தை உருவாக்கியவர் ஆர்த்தோ4எக்ஸ்பிக்கான பேட்ச் கோப்பு (அந்த நிலையத்தின் தரையைத் திருத்தும் கோப்பு) தருகிறாரா என்று பாருங்கள். தந்தால் பேட்சஸ் ஃபோல்டருக்குள் அந்த டைலின் பெயரில் வைத்து முதல் படியிலிருந்து கட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

பொருள் காணவில்லை என்ற பிழைச் செய்தி உங்களுக்கு வரவில்லை போலும், வந்தால் அஞ்ச வேண்டாம். எக்ஸ்பிளேன் ஃபோல்டரில் உள்ள லாக் கோப்பைத் திறந்து ஃபெயில்ட் டு ஃபைண்ட் ரிசோர்ஸ் என்று தேடுங்கள். அந்த வரியில் காணாமல் போன பொருளின் பாதை இருக்கும், பாதையின் முதல் சொல்லே பெரும்பாலும் லைப்ரரியின் பெயர். ஓப்பன்சீனரிஎக்ஸ் என்றிருந்தால் அதை நிறுவுங்கள். நிறுவியும் தீரவில்லையென்றால் ஜிப்பைப் பிரித்தபோது ஃபோல்டருக்குள் ஃபோல்டர் விழுந்திருக்கிறதா பாருங்கள். சீனரியானால் எர்த் நேவ் டேட்டாவும், லைப்ரரியானால் லைப்ரரி டெக்ஸ்ட் கோப்பும் முதல் ஃபோல்டரைத் திறந்தவுடனே கண்ணில் பட வேண்டும்.

தடுக்கலும் மங்கலும் வேறு வேறு நோய். எக்ஸ்பிளேன் அமைப்பில் உள்ள டேட்டா அவுட்புட்டில் முதல் வரியான ஃபிரேம் ரேட்டைத் திரையில் வரவையுங்கள், சிபியு (கணினிச் செயலி) நேரமும் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) நேரமும் தெரியும். சிபியு நேரம் அதிகமென்றால் பொருள் அடர்த்தியைக் குறையுங்கள், சீனரியில் நிறுத்தி வைத்த விமானங்கள் தனி ஃபோல்டராக வந்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். டெக்ஸ்சரை, அதாவது கட்டடங்கள்மேல் ஒட்டும் படங்களின் தரத்தை, குறைத்துப் பயனில்லை. தரை மங்குவது வேறு: கார்டின் நினைவகம் நிரம்பியதும் எக்ஸ்பிளேன் படங்களின் தரத்தைத் தானே இறக்கிக்கொள்கிறது.

கணக்கு இது. 4096க்கு 4096 அளவுள்ள சுருக்கிய டெக்ஸ்சர் ஒன்று 16 மெகாபைட், தொலைவுக்கான சிறு பிரதிகளோடு (மிப்மேப்) 21. நூறு இருந்தால் 2 ஜிபிக்கு மேல், அதுவும் ஒரு நிலையத்துக்கு மட்டும். 2048 ஆக்கினால் நான்கில் ஒரு பங்கு. அமைப்பில் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்குவதே முதல் வேலை. சாங்கியை மட்டும் குறைக்க விரும்பினால் நகலெடுத்து வைத்துவிட்டு டெக்ஸ்சர் படங்களான டிடிஎஸ் கோப்புகளைச் சுருக்கலாம், ஆனால் மிப்மேப் சேர்க்க மறந்தால் தூரத்துக் கூரைகள் மினுமினுக்கும். ஏர்கான் போடாத அறையில் முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடி அதன் பிறகு தடுக்கினால், அமைப்பை மாற்றும் முன் கார்டின் வெப்பத்தைப் பாருங்கள்.

ஆர்த்தோவும் நினைவகத்தைத் தின்னும். நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் ஒவ்வொரு ஜூம் நிலையிலும் (படத்தின் நுணுக்க அளவு) படத்தின் ஒரு புள்ளி உலகிலேயே அதிகப் பரப்பை மூடுகிறது: 16-இல் சுமார் 2.4 மீட்டர், 17-இல் 1.2, 18-இல் 0.6. ஒரு நிலை ஏறினால் படங்கள் நான்கு மடங்கு. டைல் முழுவதற்கும் 18 போட்டால் யாருமே தாழப் பறக்காத ஜோகூர் செம்பனைத் தோட்டங்களுக்கும் சேர்த்து இடம் கொடுக்கிறீர்கள். டைலுக்கு 16, விமான நிலையங்களைச் சுற்றி மட்டும் 18 என்று வைக்க ஆர்த்தோ4எக்ஸ்பியிலேயே வழி இருக்கிறது.

அடுத்த சீனரிக்கு வெள்ளி செலவழிக்கும் முன் விற்பனைப் பக்கத்துப் படங்களை உற்றுப் பாருங்கள். முதல் முனையத்தின் முன் ஜுவலின் கண்ணாடிக் கூரை இல்லாமல் கார் நிறுத்துமிடம் இருந்தால் அது 2019-க்கு முந்தைய சாங்கி. மூன்றாம் ஓடுபாதை மற்ற இரண்டையும் விடக் குட்டையாக இருந்தால், 2,750 மீட்டரிலிருந்து 4,000-க்கு நீட்டியதற்கு முந்தையது. குட்டை ஓடுபாதை வெறும் அழகுக் குறை அல்ல. ஓடுபாதைக்கு வழிகாட்டி இறக்கும் ரேடியோ அமைப்பான ஐஎல்எஸ்ஸின் தகவலை எக்ஸ்பிளேன் சீனரியிலிருந்து எடுப்பதில்லை, 28 நாளுக்கு ஒருமுறை மாறும் வழிகாட்டித் தரவிலிருந்து எடுக்கிறது. புதிய தரவும் பழைய ஓடுபாதையும் சேர்ந்தால் கிளைட் ஸ்லோப் (இறங்கும் சரிவைக் காட்டும் ஐஎல்எஸ் சமிக்ஞை) உங்களை ஓடுபாதைத் தொடக்கத்துக்கு வெளியே புல்லில் கொண்டுபோய் இறக்கலாம்.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருக்கு மாறும் எண்ணம் இருந்தால் அங்கே இந்தப் பட்டியல் வேலை இல்லை. கம்யூனிட்டி ஃபோல்டரில் போட்டால் போதும், மேனிஃபெஸ்ட், லேஅவுட் என்ற இரண்டு ஜேசன் கோப்புகளும் சீனரி ஃபோல்டரைத் திறந்தவுடன் தெரிய வேண்டும். கம்யூனிட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் யூசர் சிஎஃப்ஜி என்ற ஆப்ட் கோப்பின் கடைசி வரியில் பாதை எழுதியிருக்கும். இரண்டு சாங்கிகளை ஒன்றாக வைத்தால் அங்கேயும் அதே கட்டடச் சண்டைதான்.