வன்னி வாசகர் கேள்விகள்: காசு, காணி, காவல்

இந்தமுறை வந்த கேள்விகளில் பல "போன மாதம் நடந்தது, இப்ப என்ன செய்யலாம்?" என்றுதான் தொடங்குகின்றன. ஏமாற்றப்பட்டவருக்குச் சட்டம் தரும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு கெடு இருக்கிறது. வங்கியில் அது நிமிடக் கணக்கு. காசோலைக்கு ஆறு மாதம், காணிக்கு இரண்டே மாதம். பதில்களில் கெடு வரும் இடங்களைக் கவனித்து வாசியுங்கள்.

வங்கியில இருந்து கதைக்கிறம் எண்டு சொல்லி, அம்மாவின்ர போனுக்கு வந்த ஆறு இலக்கத்தை வாங்கி 1,85,000 ரூபா எடுத்திட்டாங்கள். இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. திங்கள் கிளைக்குப் போனால் சரிதானே? (கிளிநொச்சி)

சரியில்லை. இப்போதே அழையுங்கள். வங்கி அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் இலக்கம் இரவு பகல், விடுமுறை என்றில்லாமல் வேலை செய்யும். மூன்று விடயம் கேளுங்கள்: அட்டையை நிறுத்த வேண்டும், இணைய வங்கி நுழைவைப் பூட்ட வேண்டும், காசு போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே அறிவித்து மிச்சத்தை மறிக்க வேண்டும். கதைத்த நேரத்தையும் அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதி வையுங்கள்.

ஏன் இந்த அவசரம்? இப்போது வங்கிக்கு வங்கி காசு போக ஒரு நிமிடம்கூட எடுப்பதில்லை. திருடன் அதை அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தள்ளி, கடைசியில் ஏ.ரி.எம்.மில் எடுத்துவிடுவான். நீங்கள் அறிவிக்கும் நேரத்தில் எந்தக் கணக்கில் எவ்வளவு தங்கியிருக்கிறதோ அவ்வளவைத்தான் மறிக்கலாம். மறித்த காசையும் வங்கி தன் பாட்டில் திருப்பித் தராது. அதற்கு அந்தக் கணக்குக்காரரின் சம்மதமோ நீதிமன்றக் கட்டளையோ வேண்டும். ஆகவே இன்றே பொலிஸ் முறைப்பாடும் போட்டு, அதன் இலக்கத்தை எழுத்தில் வங்கிக்குக் கொடுங்கள்.

போனில் எனிடெஸ்க் போன்ற, போனைத் தூரத்திலிருந்து இயக்க விடும் செயலி எதையாவது ஏற்றச் சொன்னார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். ஏற்றியிருந்தால் முதலில் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்திவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்கு அழையுங்கள். கடவுச்சொற்களையும் வேறு போனிலிருந்தே மாற்றுங்கள். போனை 'றீசெற்' பண்ண வேண்டாம். அழைப்புப் பட்டியலும் குறுஞ்செய்திகளும்தான் சாட்சி.

அம்மா கொடுத்தது வட்ஸ்அப் பதிவுக்கு வரும் ஆறு இலக்கமாக இருந்தால், அதே சிம்மில் திரும்பப் பதிவு செய்தால் திருடன் வெளியேறுவான். அவன் இரட்டைச் சரிபார்ப்பு 'பின்' போட்டு வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டும். வெளியேற முன்பே அவன் கனடா, லண்டன் உறவினரிடம் அம்மாவின் பெயரில் காசு கேட்டிருக்கலாம். அவர்களுக்குக் குரல் அழைப்பில் சொல்லிவிடுங்கள்.

வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கம், கணக்கு ஊடுருவலுக்கு இலங்கை சேர்ட் எனும் கணினி அவசரப் பிரிவின் 101. "போன காசை மீட்டுத் தாறம், முதலில் கட்டணம் போடுங்கோ" என்று வருபவர்கள் இரண்டாவது திருடர்கள். அம்மாவைத் தயவுசெய்து ஏசாதீர்கள். பயந்தவர் பாதியை மறைப்பார். தேவையான விபரம் பெரும்பாலும் அந்தப் பாதியில்தான் இருக்கும்.

அண்ணா பிரான்சிலிருந்து உண்டியலில காசு அனுப்புறவர். இந்தமுறை ஆரோ தெரியாத ஆளின்ர பெயரில என்ர கணக்குக்கு விழுந்தது. இப்ப கணக்கை முடக்கிப்போட்டினம். நான் என்ன பிழை விட்டன்? (விசுவமடு)

உண்டியல் என்பது வங்கிக்கு வெளியே காசு அனுப்பும் முறை. உண்டியல்காரர் அங்கே யூரோவை வாங்குகிறார், இங்கே யாரிடமாவது இருக்கும் ரூபாவை உங்களுக்குப் போடுவிக்கிறார். அந்த ரூபா மேலே சொன்னதுபோல் ஒரு தாயிடம் திருடியதாக இருக்கலாம். திருடனுக்குக் காசு கைமாற வேண்டும், உண்டியல்காரருக்கு உள்ளூர்க் காசு வேண்டும். இருவருக்கும் நடுவில் உங்கள் கணக்கு வந்துவிடுகிறது. பொலிஸ் தேடும்போது முதலில் தெரிவது உங்கள் பெயர்தான்.

2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணத் தூயதாக்கல் தடுப்புச் சட்டப்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரி ஏழு நாளுக்குக் கணக்கை முடக்கலாம். அதற்கு மேல் நீட்ட மேல் நீதிமன்றம் போக வேண்டும். எந்தக் கட்டளையின் பேரில், எந்தப் பிரிவு முடக்கியது என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். அண்ணா அங்கே கொடுத்ததற்கான துண்டு, உண்டியல்காரருடன் நடந்த செய்திப் பரிமாற்றம், கணக்கு இலக்கம் கேட்டு வந்த செய்தி எல்லாவற்றையும் அச்செடுத்து, சட்டத்தரணியோடு போய் வாக்குமூலம் கொடுங்கள். ஒளிப்பதுதான் உங்களைக் கூட்டாளியாகக் காட்டும். இனி அனுப்புபவரின் பெயர் துண்டில் விழும் வழியால் மட்டும் காசு வரட்டும். சில நூறு ரூபா குறைவாக வந்தாலும் பரவாயில்லை.

மாதம் கொஞ்சக் காசுக்குத் தங்கள் ஏ.ரி.எம். அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் பிறருக்குக் கொடுத்திருக்கும் பெடியள் இதையே வாசிக்க வேண்டும். அட்டை உங்கள் பெயரில் இருக்கும்வரை அதில் போகும் களவும் உங்கள் பெயரில்தான். இன்றே வங்கிக்குப் போய்க் கணக்கை மூடுங்கள்.

தாய்லாந்தில கொம்பியூட்டர் வேலை, விசிற் விசாவில போய்ப் பிறகு மாத்தலாம் எண்டு சொல்லினம். நம்பலாமா? (செட்டிகுளம்)

வேண்டாம். இப்படிப் போன இலங்கையர் தாய்லாந்து எல்லை கடந்து மியன்மாரின் மியாவாடிப் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யவைக்கப்பட்டார்கள். 2024இல் பலர் மீட்கப்பட்டார்கள். முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தை வாங்கி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழையுங்கள். நிலையத்துக்கு அனுமதி உண்டா, உங்களுக்குச் சொன்ன அந்த வேலைக்கு அனுமதி உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். கடவுச்சீட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

பொலிஸில "இது கொடுக்கல் வாங்கல், மத்தியஸ்த சபைக்குப் போங்கோ" எண்டு அனுப்பிப்போட்டினம். எழுதினதும் சிங்களத்தில. (ஒட்டுசுட்டான்)

கடன் வாங்கியவர் திருப்பித் தராவிட்டால் அது கொடுக்கல் வாங்கல்தான். தொடக்கத்திலேயே பொய் சொல்லி வாங்கியிருந்தால் அது தண்டனைச் சட்டக்கோவை 403ஆம் பிரிவின் கீழ் ஏமாற்றுக் குற்றம். உங்கள் முறைப்பாட்டில் அந்த வேறுபாடு தெரிய வேண்டும். "காசு தரவேண்டியவர் தரவில்லை" என்று எழுதினால் உங்களைத் திருப்பித்தான் அனுப்புவார்கள். எந்தத் திகதியில், எந்த இடத்தில், என்ன பொய்யைச் சொன்னார். அதை நம்பித்தான் கொடுத்தேன். இவ்வளவு கொடுத்தேன், இன்ன வழியால் கொடுத்தேன். சொன்ன அன்றே அது பொய் என்பதற்கு இதுதான் சான்று. இந்த ஒழுங்கில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, பிரதியோடு கொண்டுபோங்கள்.

மொழி உங்கள் உரிமை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, வாய்மொழியாகச் சொல்லும் தகவலைச் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்டச் சொல்கிறது. அது முடியாவிட்டால் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்காதீர்கள். பின்னாளில் நீதிமன்றத்தில் "முதல் அப்படிச் சொல்லவில்லையே" என்று மடக்குவது அந்தத் தாளை வைத்துத்தான். இன்னும் மறுத்தால் மாவட்டப் பொலிஸ் அத்தியட்சகருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வவுனியாவில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அதே குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 136ஆம் பிரிவின்படி சட்டத்தரணி மூலம் நேரடியாக நீதவானிடம் தனிப்பட்ட முறைப்பாடு வைக்கவும் வழி உண்டு.

காலபோக நெல்லை வெளியூர் வியாபாரிக்குக் குடுத்தம். காசோலை திரும்பிட்டுது. நிறுவையிலயும் எங்களுக்குச் சந்தேகம். (முத்தையன்கட்டு)

வன்னியில் ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு ஒரே பின்னேரத்தில் லொறியில் ஏறிப் போகிறது. ஆகவே இதை விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் காசோலை. திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பி வரும்போது வங்கி தரும் துண்டில் காரணம் இருக்கும். அந்தத் துண்டையும் காசோலையையும் பத்திரப்படுத்துங்கள். காசில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் குற்றம். பின்திகதி போட்ட காசோலை என்றால், "அன்றைக்குக் காசு வரும் என்று நம்பினேன்" என்று வியாபாரி வாதாட இடமுண்டு. அதனால் குற்றவழக்கை மட்டும் நம்பியிராமல், சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பி, மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்க நடவடிக்கை முறையிலும் வழக்கு வையுங்கள். அதற்கு வியாபாரியின் சரியான பெயரும் முகவரியும் வேண்டும். பல வழக்குகள் நிற்காமல் போவது இதனால்தான்: கையில் "மகேந்திரா அண்ணை" என்ற பெயரும் ஒரு போன் இலக்கமும் மட்டும் இருக்கும். லொறி வெளிக்கிட முன் அடையாள அட்டையைப் படம் எடுங்கள். காசோலையில் உள்ள கணக்குப் பெயர் அதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். வாகன இலக்கம், மூடைகள், நிகர நிறை, கிலோ விலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கணக்கில் காசோலைத் தொகை தெரிந்தாலும் அது மாறிய காசு என்று அர்த்தமில்லை. எடுக்கக்கூடிய மீதி எவ்வளவு என்று பாருங்கள். வைப்புத் துண்டின் படத்தை வட்ஸ்அப்பில் காட்டினால் அதை ஏற்கவே வேண்டாம்.

இனி நிறுவை. தராசில் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் அந்த ஆண்டு முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இருந்தாலும் சோதியுங்கள். பிரிக்காத 50 கிலோ சீமெந்துப் பையைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வையுங்கள். மூலைக்கு மூலை இலக்கம் மாறினால் அந்தத் தராசு ஆகாது. தராசு சமதரையில் நிற்க வேண்டும். மூடை ஏறும்போது ஒருவரின் காலோ முழங்காலோ தட்டில் முட்டுகிறதா என்று பார்க்க ஒரு ஆளை நிறுத்துங்கள். வெறும் சாக்கை நிறுத்துப் பார்த்து அதை மட்டும் கழியுங்கள். பொலிச்சாக்குக்குச் சணல் சாக்கின் கழிவு போடுவது பழைய தந்திரம்.

ஈரப்பதனுக்கு நெல் சந்தைப்படுத்தல் சபையின் அளவு 14 சதவீதம். உங்கள் நெல் 18 சதவீதம் என்றால், 100 கிலோவில் காய்ந்த பொருள் 82 கிலோ. 14 சதவீத ஈரத்தில் காய்ந்த பொருள் 86 சதவீதம் என்பதால், அதை 0.86ஆல் பிரித்தால் 95.3 கிலோ வரும். நியாயமான கழிவு 4.7 கிலோ. 8 கிலோ கழித்தால் 5,000 கிலோவில் 160 கிலோவுக்கு மேல் உங்களிடமிருந்து போகிறது. மூடையின் அடி, நடு, மேல் மூன்றிலும் எடுத்துக் கலந்து, மூன்று தரம் சோதித்துச் சராசரி எடுங்கள். வெயிலில் சூடேறிய நெல்லில் ஈரப்பத மானி பிழை காட்டும். நிழலில் ஆறவிட்டுச் சோதியுங்கள்.

வெளிநாட்டில இருக்கிறவற்ற காணியை அற்றோர்ணித் தத்துவம் வைச்சிருக்கிறவரிட்ட வாங்கலாமா? பக்கத்துக் காணிக்காரன் எங்கட வேலியையும் பிடுங்கிக் கட்டைபோட்டிட்டான். (மல்லாவி)

வேலியை முதலில் பாருங்கள், அதற்குத்தான் கெடு நெருங்குகிறது. ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பொலிஸார் அறிக்கை வைக்கலாம், நீங்களே சத்தியக்கடதாசி மூலமும் வைக்கலாம். அந்த அறிக்கைக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நீங்கள் பலாத்காரமாக வெளியேற்றப்பட்டிருந்தால், உடைமையைத் திருப்பித் தர நீதிமன்றம் கட்டளையிடலாம். இரண்டு மாதம் கடந்தால் அவர் உடைமையில் இருப்பவராகிவிடுவார். பிறகு உங்களுக்கு நீண்ட குடியியல் வழக்குத்தான். கிராம அலுவலர் "பேசித் தீர்ப்பம்" என்று தவணை போடும்போதும் நாள் ஓடுகிறது. பேசுங்கள், ஆனால் அறிக்கையையும் வையுங்கள். பிடுங்கிய கதியால், புதுக்கட்டை எல்லாவற்றையும் திகதியோடு படம் எடுங்கள்.

வாங்குவதைப் பற்றி: அற்றோர்ணித் தத்துவம் என்பது தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம். தத்துவம் கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடும். அவரோடு காணொளி அழைப்பில் நேரே கதையுங்கள். காணிப் பதிவகத்தில் 30 ஆண்டுப் பதிவைத் தேடுவியுங்கள். வாங்கிய அன்றே உறுதியைப் பதியுங்கள். பிந்தி எழுதிய உறுதி முந்திப் பதியப்பட்டால் அது உங்களதை வென்றுவிடலாம். அந்தக் காணிக்கு இருப்பது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப் பேமிற் (அரச காணி அனுமதிப்பத்திரம்) என்றால், பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாத கைமாற்றம் செல்லாது. சமாதான நீதவான் ஒப்பமிட்ட கடிதத்தில் "விற்று" வாங்குவது வன்னி முழுக்க நடக்கிறது. அந்தக் கடிதத்தால் காணி உங்களுடையதாகாது.

தங்கம் புதைச்ச இடம் தெரியும், ஸ்கானர் வாங்கப் பங்குக் காசு தரச் சொல்லினம். (புதுக்குடியிருப்பு)

தராதீர்கள். நீதிமன்ற அனுமதியோடு அதிகாரிகள் தோண்டுவது ஒன்று, இது வேறு. அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். வெடிக்காத குண்டு, மிதிவெடி இருக்கக்கூடிய மண்ணில் அது உயிருக்கும் ஆபத்து. 119க்குச் சொல்லுங்கள்.

அரிசி ஆலைக்கு 24 மணி நேரக் காவல். ஒரு கொம்பனி மாதம் 50,000 கேட்குது, இன்னொண்டு 90,000. (வவுனியா)

கணக்குப் போடுங்கள். 24 மணி நேரத்துக்குக் குறைந்தது இரண்டு பேர். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000. முதலாளி கட்டும் சேமலாப நிதி 12 சதவீதம், நம்பிக்கை நிதி 3 சதவீதம் சேர்த்தால் ஆளுக்கு 34,500. மேலதிக நேரம், லீவு மாற்றாள், சீருடை எதுவும் சேராமலே 69,000 ஆகிறது. 50,000 கேட்பவர் சட்டப்படி சம்பளம் கொடுக்கவே முடியாது. அந்தக் காவலாளி பகலில் வேறு இடத்தில் நின்றுவிட்டு இரவில் உங்கள் வாசலில் தூங்குவார். குற்றம் அவருடையதல்ல.

1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையச் சட்டப்படியான அனுமதிப்பத்திரத்தையும் சேமலாப நிதி கட்டிய பற்றுச்சீட்டையும் கேளுங்கள். காவலாளி தன் கண்முன் பிடியாணையின்றிப் பிடிக்கத்தக்க குற்றம் செய்பவரைப் பிடிக்கலாம், தாமதமின்றிப் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். அடிக்கவோ, சம்மதமின்றிப் பையைச் சோதிக்கவோ அவருக்கு உரிமை இல்லை.

கடைக்கு நாலு கமரா போட்டும், களவு போன நாளின்ர பதிவு இல்லை. (மாங்குளம்)

ஒரு கமரா நொடிக்கு 2 மெகாபிற் வேகத்தில் நாளுக்கு 21.6 ஜி.பி. பிடிக்கும். நாலுக்கும் 86 ஜி.பி. ஆகவே 1 ரி.பி. டிஸ்க் 11 நாளில் நிரம்பிப் பழையதை அழிக்கத் தொடங்கும். ஒரு மாதம் வேண்டுமானால் 3 ரி.பி.க்குக் குறையாமல் போடுங்கள். பதிவுப் பெட்டியை மேசையடியில் வைக்காமல் பூட்டிய இடத்தில், யூ.பி.எஸ். கொடுத்து வையுங்கள். வாசல் கமராவைக் கூரைக்கு ஏற்றினால் தலைமயிர்தான் தெரியும். எட்டடி உயரம் போதும். மணிக்கூட்டை மாதமொருமுறை சரிபாருங்கள். களவு நடந்தால் அன்றே பிரதி எடுத்து, எடுத்தவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். அந்தப் பதிவை வழக்கில் சான்றாக வைக்க, விசாரணைக்கு 45 நாளுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும்.