பழைய ராக் இசை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அண்ணா, ராக் பக்கமே நான் வந்ததில்லை. எந்த ஆல்பத்தில் ஆரம்பிக்கலாம்?

பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 1973 ஆல்பம், 'த டார்க் சைட் ஆஃப் த மூன்'. பாட்டு பாட்டாகப் பிரிக்காமல் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேளுங்கள். அதில் 'மனி' என்ற பாட்டு கல்லாப்பெட்டிச் சத்தத்தோடு தொடங்கும். சில்லறை, கல்லா, காகிதம் கிழியும் ஓசை எல்லாவற்றையும் டேப்பில் பதிந்து, வெட்டி, வளையமாக ஒட்டிச் சுழலவிட்டார்கள். எண்ணிப் பாருங்கள், தாளத்தின் ஒரு சுற்றுக்கு 7 தட்டு வரும். நம் கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளத்தின் எண்ணிக்கைதான், பிரிப்பு மட்டும் வேறு.

லெட் செப்லின் குழுவின் 'வென் த லெவி பிரேக்ஸ்' பாட்டில் டிரம்ஸ் மட்டும் ஏன் அவ்வளவு பூதாகரமாக இருக்கிறது?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. வாசித்தவர் ஜான் பான்ஹம். அவர் கை கனம் ஒரு பாதி, அந்த வீடு மறுபாதி. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய கட்டடம். ஒருகாலத்தில் ஏழைகளுக்கான விடுதி. டிரம்ஸைக் கீழே கூடத்தில், மாடிப்படிக்கு அடியில் போட்டார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேலே மாடியிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டார். அப்புறம் அதை எதிரொலிக் கருவி ஒன்றின் வழியாக அனுப்பினார். நாம் கேட்பது தோலில் விழும் அடியை மட்டுமல்ல, அது சுவரில் மோதிப் படியேறி வரும் சத்தத்தையும்தான். முதல் சில விநாடிகளை ஹெட்போனில் கேட்டால் கூடத்தின் உயரமே தெரியும்.

அது அவர்கள் சொந்தப் பாட்டா?

இல்லை. 1927இல் மிசிசிப்பி ஆறு கரை உடைத்த பெருவெள்ளத்தைப் பற்றி மெம்பிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டு. ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. செப்லின் இதில் மின்னியின் பெயரையும் போட்டார்கள். ஆனால் அவர்களுடைய 'ஹோல் லோட்டா லவ்' பாட்டில், ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சனின் வரிகளை எடுத்தாண்டிருந்தும், முதலில் அவர் பெயரே கிடையாது. அவர் 1985இல் வழக்குப் போட்ட பிறகுதான் சமரசமாகி, பெயர் சேர்ந்தது. செப்லின் என் உயிர். ஆனாலும் இதில் நான் டிக்சன் பக்கம்தான். இங்கிலாந்துப் பையன்கள் கட்டிய மாளிகைக்கு அஸ்திவாரம் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் போட்டது. அதை மறைத்துவிட்டு ராக் வரலாறு பேச முடியாது.

பிளாக் சாபத் கிட்டாரிஸ்ட் டோனி அயோமிக்கு விரல் நுனி இல்லை என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில், 17 வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், வலது கையில் இரண்டு விரல் நுனி போனது. இடது கைப் பழக்கக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். பிறகு 1971 ஆல்பத்தில் பல பாட்டுகளுக்குச் சுருதியையும் நன்றாக இறக்கிவிட்டார். கம்பி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும், ஒலியும் கனக்கும். ஹெவி மெட்டல் என்கிற கனத்த ராக் இசையின் இருட்டு அங்கிருந்து வருகிறது.

டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டு பிறந்த கதை உண்மையா?

வரிக்கு வரி உண்மை. 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரூ. ஃபிராங்க் ஸாப்பா கச்சேரியில் யாரோ தீப்பொறித் துப்பாக்கியைச் சுட, கேசினோ எரிந்தது. அங்கே ஆல்பம் பதிய வந்திருந்த டீப் பர்ப்பிள், ஏரிமேல் பரவிய புகையைப் பாட்டாக்கிவிட்டது.

எல்லாம் ஆண்களாகவே சொல்கிறீர்களே, சார்?

சரி, அப்படியானால் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். 1938லேயே பதிவு செய்யத் தொடங்கியவர். தேவாலயப் பாட்டை எலக்ட்ரிக் கிட்டாரில் முழங்கியவர். 1964இல் மான்செஸ்டரில், ரயில் ஓடாத ஒரு பழைய ஸ்டேஷனில் தொலைக்காட்சிக்காக வாசித்தார். கோட்டும் கையுமாக வந்து, வெள்ளை கிப்சன் கிட்டாரை மாட்டிக்கொண்டு, பெய்துகொண்டிருந்த மழைக்கு ஏற்ப 'டிடின்ட் இட் ரெய்ன்' பாடினார். ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல்தான். அவ்வளவு தாமதம் பெரிய அநியாயம். என்னைக் கேட்டால் முதல் வரிசையிலேயே உட்கார வைத்திருக்க வேண்டும்.