துன்பத்தில் பொறுமையாகக் காத்திரு என்கிறார்களே, காத்திருக்கும்போது ஒரு கிறிஸ்தவர் என்னதான் செய்வது?

கேள்வி கேட்டவர் தன் நிலைமையையும் கொஞ்சம் எழுதியிருந்தார். இரண்டு வருடமாக வேலையில்லை. வீட்டில் அப்பா பக்கவாதத்தில் படுக்கை. கோயிலில் யாரிடம் சொன்னாலும் "பொறுமையா இருங்கோ, ஆண்டவர் பார்ப்பார்" என்கிறார்களாம். பொறுமையாக இருப்பது என்றால் காலையில் எழும்பி என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லையாம்.

நான் குருவானவர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. இலங்கையின் வன்னியில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற ரோட்டில் ஒரு கிராமத்தில் நாலு ஏக்கர் வயல் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் காத்திருப்பதைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் தெரியும்.

வயலிலிருந்தே தொடங்குகிறேன். யாக்கோபும் தன் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் வயலைத்தான் காட்டுகிறார். பயிரிடுகிறவரைப் பாருங்கள், முன்மாரியும் பின்மாரியும் வரும்வரை எவ்வளவு பொறுமையோடு காத்திருக்கிறார் என்கிறார். இதை வைத்துப் பிரசங்கம் செய்கிறவர்களில் பலர், கமக்காரன் வரம்பில் குந்தியிருந்து வானத்தைப் பார்க்கிற மாதிரி நினைக்கிறார்கள். அவர்கள் புரட்டாதி மாதத்தில் ஒருதரம் எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும்.

எங்கள் வயலுக்குக் குளத்துத் தண்ணீர் வராது, மானாவாரிதான். மழை வந்தபிறகு விதைக்கலாம் என்று இருந்தால் நிலம் சேறாகிவிடும், உழவு மெசின் இறங்காது, காலபோகம் கைவிட்டுப் போய்விடும். அதனால் காய்ந்த புழுதியில் உழுது, காய்ந்த புழுதியிலேயே விதைக்கிறோம். வானத்தில் ஒரு மேகமும் இருக்காது. குத்திச் சோறாக்கித் தின்னக்கூடிய நெல்லை, பாதியை எறும்பும் புறாவும் மயிலும் தின்னும் என்று தெரிந்துகொண்டே தூசிக்குள் எறிகிறோம். அதற்குப் பிறகும் சும்மா இருப்பதில்லை. வரம்பு கட்டவேண்டும், வேலி அடைக்கவேண்டும், யானைக்கும் பன்றிக்கும் இரவில் காவல்கொட்டிலில் முழித்திருக்கவேண்டும். யாக்கோபு பார்த்த நாட்டில் முன்மாரி ஒக்டோபர், நவம்பரில் தொடங்கும். பின்மாரி மார்ச், ஏப்ரலில். அங்கும் முதல் மழையை ஒட்டித்தான் உழுவதும் விதைப்பதும். ஆக அவர் சொல்லும் பொறுமைசாலி, தன்னிடம் இருந்ததை ஏற்கனவே மண்ணுக்குள் போட்டுவிட்ட ஆள். விதைக்காதவன் மழைக்குக் காத்திருக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள்.

சரி, இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் பொய்க்காரன்.

2008 ஐப்பசியிலும் விதைத்தோம். எனக்குப் பதினாறு வயது. போர்க்காலம். செல் (எறிகணை) சத்தம் கிழமைக்குக் கிழமை கிட்ட வந்துகொண்டிருந்தது. விதைநெல்லைச் சாக்கோடு ஏற்றிக்கொண்டு போவதா, வயலில் போடுவதா என்று அப்பா இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் வயலில்தான் போட்டார். கார்த்திகையில் மாங்குளம் இராணுவத்திடம் விழுந்தது. நாங்கள் லாண்ட்மாஸ்டர் (கை உழவு மெசின்) பெட்டியில் ஏறிப் புதுக்குடியிருப்புப் பக்கம் போய்விட்டோம். அந்த மாதக் கடைசியில் நிஷா புயலோடு வந்த மழை வன்னியை முக்கி எடுத்தது. தறப்பாளின் கீழே முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு அப்பா, "வெள்ளம் வடிஞ்சா பயிர் எழும்பிடும்" என்றார். அந்த நெல்லை ஒருவரும் அறுக்கவில்லை. அதனால் விதைத்தால் கட்டாயம் அறுப்பீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. 2009 சித்திரையில் வலைஞர்மடத்தில் தண்ணீர் எடுக்கப் போன என் அண்ணா திரும்பி வரவில்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்வதற்கெல்லாம் அது தேவைப்படும்.

வைகாசியில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே எல்லாமே வரிசைதான்: தண்ணீருக்கு, சாப்பாட்டுக்கு, மலசலகூடத்துக்கு. ஒருநாள் வெளியிலிருந்து வந்த ஒருவர் செபக்கூட்டம் நடத்தினார். யோபுவைப் போலப் பொறுமையாக இருங்கள், கடவுள் உங்களைச் சோதிக்கிறார், முணுமுணுக்காதீர்கள் என்றார். அம்மம்மா பக்கத்தில் இருந்தார். கூட்டம் முடிந்து கூடாரத்துக்கு நடக்கும்போது, "யோபு முணுமுணுக்கேல்லையோ? அந்தாள் முதல் ரெண்டு பக்கத்தோட புத்தகத்த மூடிட்டுது போல" என்றார்.

அம்மம்மா சொன்னது சரிதான். யோபு நூலில் 42 அதிகாரங்கள். முதல் இரண்டில்தான் அவர் நமக்குப் பழக்கமான அமைதியான யோபு. மூன்றாம் அதிகாரத்தில் பிறந்த நாளையே சபிக்கத் தொடங்குகிறவர், 31ஆம் அதிகாரம்வரை கடவுளோடு வழக்குப் பேசுகிறார். கடைசியில் கடவுள் கோபிப்பது யோபுவை அல்ல, அவருக்கு விளக்கம் சொல்ல வந்த நண்பர்களைத்தான். அந்த நண்பர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம், வந்தவுடன் ஏழு நாள் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் இருந்தது. வாய் திறந்தபிறகுதான் எல்லாம் கெட்டது.

அப்படிக் கத்தின யோபுவைத்தான் யாக்கோபு அதே ஐந்தாம் அதிகாரத்தில் பொறுமைக்கு எடுத்துக்காட்டு என்கிறார். இது எனக்கு நீண்டகாலம் விளங்கவில்லை. பின்னாளில் எங்கள் பங்குக்கு வந்த ஒரு சுவாமியார்தான் விளக்கினார். கிரேக்க மூலத்தில் அங்கே இரண்டு சொற்கள் இருக்கின்றனவாம். கமக்காரனுக்குச் சொல்வது மக்ரோதூமியா, சட்டென்று கொதித்துப்போகாத நீண்ட மனம். யோபுவுக்குச் சொல்வது ஹுப்பொமொனே, கீழே தங்கி நிற்பது. சுமை இறங்காதபோதும் அதன் கீழ் நிற்கிறது. அந்தச் சொல்லில் வாயை மூடு என்ற பொருள் எங்கும் இல்லை. தமிழில் இரண்டையும் பொறுமை என்றே சொல்லிப் பழகியதால் நாம் இரண்டையும் சேர்த்துச் 'சத்தம் போடாதே' ஆக்கிவிட்டோம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யாக்கோபு யாரைத் திட்டுகிறார் தெரியுமா? வயல் அறுத்தவர்களுக்குக் கூலி கொடுக்காமல் பிடித்துவைத்த பணக்காரர்களை. அந்தக் கூலி கூக்குரலிடுகிறது, அறுத்தவர்களின் கூக்குரல் ஆண்டவரின் காதுக்கு எட்டிவிட்டது என்கிறார். பொறுமையாக இருங்கள் என்று அதற்குப் பிறகுதான் சொல்கிறார். முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் ஏழைகளுக்கு வாசிப்பது அநியாயம்.

முகாமில் அம்மம்மா வேறொரு காரியமும் செய்தார். வந்து இரண்டாம் கிழமையே கூடார வாசலில் பயிற்றங்கொட்டை நட்டார். குளித்த தண்ணீரை வீணாக்காமல் அதற்கு ஊற்றுவார். "நாளைக்கு விட்டா வீட்ட போயிடுவம், என்னத்துக்கு இது?" என்று நான் எரிச்சல்பட்டேன். "விட்டா இன்னொராள் பிடுங்கட்டும்" என்றார். எரேமியா 29ஆம் அதிகாரத்தில் இதேதான் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணுங்கள் என்கிறார். அந்த அதிகாரத்தின் 11ஆம் வசனம் எல்லார் வீட்டுக் கலண்டரிலும் இருக்கும்: உங்களுக்காக வைத்திருக்கும் நல்ல எண்ணங்கள், எதிர்காலம், நம்பிக்கை என்று. 10ஆம் வசனம் எந்தக் கலண்டரிலும் இல்லை. அதில் எழுபது ஆண்டு என்று போட்டிருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரியவர்கள் அநேகமாக அங்கேயே சாகப்போகிறவர்கள் என்று அர்த்தம். அவர்களுக்குத்தான் தோட்டம் போடச் சொல்கிறார்.

அம்மாவிடம் ஒரு பால்மா ரின் (தகரப் பேணி) இருந்தது. அதற்குள் காணி உறுதி, எங்கள் பிறப்புப் பத்திரங்கள், ஞானஸ்நானப் பத்திரங்கள் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி வைத்து, மூடியைச் சுற்றி மெழுகுதிரி உருக்கி ஊற்றியிருந்தார். பங்கருக்குள் தலைமாட்டில் அதுதான் இருக்கும். உடுப்பை விட்டோம், நெல்லை விட்டோம், ஆட்டை அவிழ்த்துவிட்டோம். ரின்னை விடவில்லை. சாகப்போகிற நேரத்தில் காணி உறுதி எதற்கு என்று அப்பாவே ஒருதடவை கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை.

பல வருடம் கழித்து மறைக்கல்வி வகுப்புக்கு ஆயத்தம் செய்யும்போது எரேமியா 32ஐ வாசித்தேன். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகை இட்டிருக்கிறது. எரேமியா காவல்கூட முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். நகரம் விழும் என்று சொன்னதே அவர்தான். அந்த நேரத்தில் சித்தப்பா மகன் வந்து, தன் வயலை வாங்கச் சொல்லிக் கேட்கிறார். எதிரி நிற்கிற நாட்டில் வயல்! எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டு, உறுதிப் பத்திரங்கள் நெடுநாள் பழுதாகாமல் இருக்க ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்த நாட்டில் வீடும் வயலும் மறுபடி வாங்கப்படும் என்பது கடவுளின் வாக்கு. எரேமியா அந்த வயலில் ஒருநாளும் விதைத்ததாக விவிலியத்தில் இல்லை. மண்பாண்டம் என்ற சொல் வந்ததும் எனக்குப் பால்மா ரின் கண்ணில் வந்தது. அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பாடத்தைவிட ரின் கதையைத்தான் கூடுதலாகச் சொன்னேன்.

2010 கடைசியில் ஊருக்கு விட்டார்கள். வயலில் சிவப்பு மண்டையோட்டுப் பலகை. கண்ணிவெடி எடுத்து முடியும்வரை அடுத்தவர் காணியில் கூலிக்கு நின்றோம். பிறகு ஒரு அலுவலகத்தில் காணி யாருடையது என்று கேள்வி வந்தபோது, அம்மா ரின்னைத் திறந்து மேசையில் வைத்தார். அதை விரிவாக எழுதினால் பெருமையாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

இப்போது கடினமான பகுதி. காணி கிடைத்தது. அண்ணா கிடைக்கவில்லை. அம்மா ஆணைக்குழுக்களுக்குப் போனார், படிவங்கள் நிரப்பினார், அதே கேள்விகளுக்கு அதே பதிலைச் சொன்னார். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது, அம்மாவும் பஸ் பிடித்துப் போய் வந்தார். கையில் அண்ணாவின் படம், மடியில் செபமாலை. பொறுமை இல்லாமல் ரோட்டில் இருக்கிறார் என்று ஒரு உறவினர் குறை சொன்னார். லூக்கா 18இல் இயேசு சொன்ன கைம்பெண்ணும் அப்படித்தானே? நீதிபதி மறுக்க மறுக்கத் திரும்பத் திரும்ப வந்து நின்றவள். மனந்தளராமல் செபிப்பதற்கு இயேசு காட்டிய உதாரணமே அந்தத் தொல்லைகொடுத்த மனுசிதான்.

சில இரவுகளில் அம்மாவுக்குச் செபம் வராது. அப்போது திருப்பாடல் 13 வாசிப்போம். எத்தனை நாளைக்கு என்னை மறந்திருப்பீர் என்று நேராகக் கேட்கிற பாடல். அதுகூட முடிவில் பாட்டாகத் திரும்பிவிடும். 88 திரும்பாது. இருட்டு என்ற சொல்லோடு அப்படியே நின்றுவிடும். அதையும் யாரோ செபப் புத்தகத்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறார்களே, அது எனக்குப் பெரிய ஆறுதல். எங்கள் அம்மம்மா மடுக் கோயில் மாதா சொரூபத்தைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்: ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஓடிவந்தவ, 2008இல் திரும்பவும் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தவ, எங்களை அவவுக்கு விளங்கும்.

உங்கள் விசயத்துக்கு வருகிறேன். வேலை எப்போது கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது, தெரியும் என்று சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். நாள் குறித்துக் காத்திருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ஈஸ்டருக்குள், நத்தாருக்குள் என்று நாங்களும் குறித்தோம். அந்த நாள் கடந்துபோகும்போது விழுகிற அடி, துன்பத்தைவிடப் பெரிது. அப்பாவின் கைகால்களுக்குச் சொல்லித் தந்த பயிற்சியை நாளும் செய்வியுங்கள். மாற்றம் தெரியாவிட்டாலும் செய்வியுங்கள், அது புழுதியில் விதைப்பதுதான். விண்ணப்பங்களும் அப்படித்தான். பொறுமையாக இருங்கோ என்று சொல்ல வருகிறவர்களிடம், "பூசை முடிய வந்து அரை மணித்தியாலம் அப்பாவோடு இருங்கோ, நான் குளிச்சிட்டு வாறன்" என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். நாலு பேர் நழுவுவார்கள், ஒருவர் வருவார். எங்களுக்கு வந்தவர் ஒரு சைவக்கார அக்கா. அவருடைய மகனும் திரும்பி வரவில்லை. அம்மாவும் அவரும் வெற்றிலை போட்டுக்கொண்டு பின்னேரம் முழுக்க இருப்பார்கள், அநேகமாக ஒன்றும் பேசமாட்டார்கள். கோபம் வந்தால் கடவுளிடமே கோபியுங்கள். யோபு கோபித்ததைவிடக் கூடுதலாக உங்களால் கோபிக்க முடியாது.

போன வருடம் அம்மாவை நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போனேன், காணியை எங்கள் பேருக்கு எழுத. தங்கச்சிக்கு ஒரு ஏக்கர், எனக்கு இரண்டு. மிச்ச ஒரு ஏக்கர் என்ன செய்வது என்று நொத்தாரிசு கேட்டார். "அது பெரியவன்ர. அவன் வந்து கையெழுத்து வைக்கட்டும்" என்றார் அம்மா. நொத்தாரிசு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஏக்கரையும் நான்தான் செய்கிறேன். நெல் விற்ற காசு தனிப் புத்தகத்தில். மற்ற மூன்று ஏக்கரிலும் புது இன நெல் போடுகிறேன். இதில் மட்டும் மொட்டைக்கறுப்பன் என்ற பழைய இன நெல்தான் போடவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை, அண்ணாவுக்கு அந்தச் சோறுதான் பிடிக்கும். விளைச்சல் குறைவு, நட்டம் என்று சொல்லிப் பார்த்தேன். காது கொடுக்கவில்லை. போன கிழமை விதைநெல்லை முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்டுவிட்டு, கோழி கலைத்துக்கொண்டு பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தார். மழையை இன்னும் காணவில்லை.