எக்ஸ்ரெஃப், லேயர் சிக்கல்கள்: கேள்விகளும் பதில்களும்

சாலை, வடிகால், நில அளவை வரைபடங்களோடு தினமும் மல்லுக்கட்டும் பலர் அனுப்பிய கேள்விகள் இவை. ஆட்டோகேட், சிவில் 3டி என்ற இரு வரைபட மென்பொருள்களுக்கும் பொருந்தும்படி பதில் சொல்கிறேன். எக்ஸ்ரெஃப் என்றால் ஒரு டிராயிங்கில் இணைத்துக் காட்டும் வேறொரு கோப்பு; அந்தக் கோப்பைத்தான் மூலக் கோப்பு என்கிறேன். ஷீட் என்பது அதை இணைத்துத் தாளில் பிரிண்ட் எடுக்கும் டிராயிங். லேயர் என்பது கோடுகளை வகை வகையாகப் பிரித்து வைக்கும் அடுக்கு. பாதிக் கேள்விகளுக்கு அடிப்படைக் காரணம் ஒன்றுதான். எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதை மூலக் கோப்பில் போய் மாற்றுகிறோம். அந்த முடிவை ஷீட்டில்தான் எடுக்க வேண்டும். மூலக் கோப்பில் எல்லாமே தெரியட்டும், அது பத்துப் பேருக்குப் பொதுவானது.

கேள்வி: சார், இணைத்த கோப்பில் மரங்கள், மின்கம்பங்கள் லேயர்களை ஷீட்டில் ஃப்ரீஸ் செய்து (மறைத்து) சேமிக்கிறேன். மறுநாள் திறந்தால் எல்லாம் திரும்பத் தெரிகின்றன. ஏன்?

பதில்: விஸ்ரீடெயின் (VISRETAIN) என்று டைப் செய்து பாருங்கள். அதன் மதிப்பு 0 ஆக இருக்கும். 0 என்றால், இணைத்த கோப்பின் லேயர்களில் நீங்கள் செய்யும் மாற்றம் அந்த அமர்வோடு சரி. மறுபடி திறக்கும்போது மூலக் கோப்பில் இருக்கும் நிலையே வந்து உட்காரும். 1 என்று மாற்றிச் சேமியுங்கள். இந்த மதிப்பு ஒவ்வொரு டிராயிங்கிலும் தனியாகப் பதிவாகும். அதனால் ஒரு ஷீட்டில் சரியாக இருந்து அடுத்த ஷீட்டில் தவறாக இருக்கலாம். டெம்ப்ளேட்டிலேயே 1 என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

கேள்வி: எனக்கு நேர் எதிர். மூலக் கோப்பில் சாலை ஓரக்கோட்டின் நிறத்தை மாற்றினேன். ரீலோட் செய்தும், அதாவது இணைத்த கோப்பை மறுபடி ஏற்றியும், ஷீட்டில் பழைய நிறமே வருகிறது.

பதில்: அதே விஸ்ரீடெயின்தான், உங்களிடம் 1 ஆக இருக்கிறது. ஷீட் தன்னிடம் உள்ள நிறத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. 0 ஆக்கி ரீலோட் செய்தால் புதிய நிறம் வந்துவிடும். ஆனால் நீங்கள் ஷீட்டில் செய்த ஃப்ரீஸ், ஆஃப் எல்லாமும் போய்விடும். அதனால் முதலில் லேயர் ஸ்டேட் மேனேஜரில் இப்போதைய நிலையை ஒரு பெயரில் சேமியுங்கள். அப்புறம் 0, ரீலோட், மறுபடி 1. கடைசியாக அந்த ஸ்டேட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அப்போது எந்தெந்தப் பண்புகளைக் கொண்டுவருவது என்ற பட்டியலில் நிறத்தின் டிக்கை எடுத்துவிட்டு, ஆன்/ஆஃப், ஃப்ரீஸ் டிக்குகளை மட்டும் விட்டுவையுங்கள். புது நிறமும் வரும், பழைய மறைப்பும் நிற்கும்.

இத்தனையும் செய்தும் ஒரு கோடு மட்டும் மாறவில்லை என்றால், அந்தக் கோட்டுக்கு நிறம் நேரடியாகக் கொடுக்கப்பட்டிருக்கும், பைலேயர் ஆக, அதாவது லேயரின் நிறத்தையே எடுப்பதாக, இருக்காது. மூலக் கோப்பைத் திறந்து செட்பைலேயர் (SETBYLAYER) கட்டளையால் சரிசெய்யுங்கள்.

கேள்வி: கட்டடக்கலைக் குழு வாரம் ஒருமுறை புதுத் திருத்தம் அனுப்புகிறது. கோப்பின் பெயரில் திருத்த எண் இருக்கும். ஒவ்வொரு முறையும் பழையதைக் கழற்றிப் புதியதை இணைத்து, ஷீட்டில் வரைபடத்தைக் காட்டும் சன்னல்களான வியூபோர்ட்டுகளில் ஒவ்வொன்றாக லேயர்களை மறைக்கிறேன். அரை நாள் போய்விடுகிறது.

பதில்: இந்த அரை நாளை நீங்கள் இழக்கவே வேண்டாம். இணைத்த கோப்பின் லேயர் பெயர் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள்: முதலில் எக்ஸ்ரெஃப் பெயர், நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, பிறகு லேயர் பெயர். உங்கள் மறைப்புகள் எல்லாம் அந்த முழுப் பெயரோடு ஒட்டியிருக்கின்றன. பழையதைக் கழற்றியதும் அந்தப் பெயர்களும் போய்விடும். புதுப் பெயரில் வரும் லேயர்கள் மென்பொருளைப் பொறுத்தவரை வேறு லேயர்கள்.

ஆகவே கழற்றாதீர்கள். எக்ஸ்ரெஃப் பட்டியலில் அதே பெயரை வைத்துக்கொண்டு, அது காட்டும் பாதையை மட்டும் புதுக் கோப்புக்கு மாற்றுங்கள். இதைவிட நான் விரும்புவது இன்னொரு வழி. பழைய கோப்பைத் தேதி போட்டு வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு, புதியதற்கு எப்போதும் திருத்த எண் இல்லாத ஒரே பெயரை வைப்பது. ஷீட்டுகள் எதையும் தொடாமலே புதுத் திருத்தம் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. புதுத் திருத்தத்தில் புதிதாக லேயர்கள் சேர்ந்திருந்தால் அவை எல்லா வியூபோர்ட்டிலும் தெரியும். ஒருமுறை ஒப்படைப்புக்கு முந்தைய இரவு, மழைநீர் வடிகால் ஷீட்டுகள் அனைத்திலும் மேன்ஹோல் எண்களின் மேல் தோட்டத்துப் பாசனக் குழாய்கள் ஓடின. யாரோ புதிதாக ஒரு லேயர் சேர்த்திருந்தார்கள். பிரிண்ட் எடுத்த பிறகுதான் பார்த்தேன். அன்று முதல் லேயர் மேனேஜரில் சரிபார்க்கப்படாத புது லேயர்கள் என்று வரும் ஃபில்டரைப் பார்க்காமல் நான் பிளாட் (பிரிண்ட்) கொடுப்பதில்லை. அந்த அறிவிப்பு வர வேண்டுமானால் லேயர் அமைப்புகளில் புது லேயர் மதிப்பீட்டை இயக்கி வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: எக்ஸ்ரெஃபை இணைக்க அட்டாச், ஓவர்லே என்று இரண்டு வழி இருக்கிறதே, எதைத் தேர்வு செய்வது?

பதில்: ஓவர்லே. உங்கள் கோப்பை இன்னொருவர் இணைக்கும்போது, நீங்கள் அட்டாச் செய்தவை அவர் டிராயிங்கிலும் வரும். ஓவர்லே செய்தவை வராது. வடிகால்காரர் சாலையை இணைக்கிறார், சாலைக்காரர் வடிகாலை இணைக்கிறார். இருவரும் அட்டாச் செய்தால் சுழற்சி என்று எச்சரிக்கை வரும். பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் அட்டாச்சுக்கு உறுதியான காரணம் இருந்தால் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எக்ஸ்ரெஃப் வைத்திருக்கும் லேயரை ஆஃப் செய்தேன், எதுவும் மறையவில்லை. ஃப்ரீஸ் செய்தால் எல்லாமே மறைகிறது.

பதில்: அது அப்படித்தான் வேலை செய்யும். அந்த லேயரை ஃப்ரீஸ் செய்தால் முழு எக்ஸ்ரெஃபும் மறையும். ஆஃப் செய்தால் உள்ளே லேயர் 0-வில் வரைந்தவை மட்டும் மறையும். காரணம், லேயர் 0-க்கு முன்னொட்டுப் பெயர் வராது. அதில் உள்ளவை எக்ஸ்ரெஃப் உட்கார்ந்திருக்கும் லேயரின் பண்புகளை எடுத்துக்கொள்ளும். மூலக் கோப்பில் லேயர் 0-வில் எதையும் வரையாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ஒவ்வொரு எக்ஸ்ரெஃபுக்கும் தனி லேயர் கொடுங்கள். ஒரு வியூபோர்ட்டில் மட்டும் அதை மறைக்க வேண்டுமானால் வியூபோர்ட் ஃப்ரீஸ் ஒரே கிளிக்.

கேள்வி: சிவில் 3டி சர்ஃபேஸ் (நில மேற்பரப்பின் மாதிரி) உள்ள கோப்பை இணைத்திருக்கிறேன். சிறு உயரக்கோடுகளை மட்டும் மறைக்க முடியவில்லை. சர்ஃபேஸ் லேயரை ஃப்ரீஸ் செய்தால் எல்லாம் போகிறது.

பதில்: மூலக் கோப்பில் சர்ஃபேஸ் ஸ்டைலைத் திறந்து டிஸ்ப்ளே பக்கத்துக்குப் போங்கள். பெரிய உயரக்கோடு, சிறு உயரக்கோடு, எல்லைக்கோடு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு லேயர் இருக்கும். பெரும்பாலும் எல்லாமே ஒரே லேயரிலோ லேயர் 0-விலோ கிடக்கும். தனித்தனி லேயர் கொடுத்துச் சேமித்து, ஷீட்டில் ரீலோட் செய்யுங்கள். இப்போது சிறு உயரக்கோட்டின் லேயரை மட்டும் மறைக்கலாம். சர்ஃபேஸ் என்ற பொருளுக்கென்று உள்ள லேயரை மட்டும் ஃப்ரீஸ் செய்யாதீர்கள்; அது போனால் உள்ளே இருப்பது அத்தனையும் போகும்.

ஷீட்டுக்கு ஷீட் வேறு ஸ்டைலே வேண்டும் என்றால் எக்ஸ்ரெஃப் போதாது. மூலக் கோப்பின் பொருளை இணைப்பாகக் கொண்டுவரும் சிவில் 3டி வசதியான டேட்டா ஷார்ட்கட் மூலம் சர்ஃபேஸைக் கொண்டுவாருங்கள். அப்போது ஸ்டைல் உங்கள் கோப்பினுடையது.

கேள்வி: கட்டட வரைபடத்தை இணைத்தால் ஆயிரம் மடங்கு பெரிதாக வருகிறது அண்ணா.

பதில்: அவர்கள் மில்லிமீட்டரில் வரைந்திருக்கிறார்கள், நீங்கள் மீட்டரில். இரு கோப்புகளிலும் அலகைக் குறிக்கும் இன்ஸ்யூனிட்ஸ் (INSUNITS) சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்: மில்லிமீட்டருக்கு 4, மீட்டருக்கு 6. இணைக்கும் பெட்டியில் அலகும் மடங்கும் தெரியும், ஓகே கொடுக்கும் முன் அதைப் படியுங்கள். அளவு சரியாக இருந்தும் இடம் தவறினால், நில அளவைக் கோப்பை நகர்த்த வேண்டாம். அதன் ஆயத்தொலைவுகளை நம்பித்தான் சைட்டில் மேன்ஹோலுக்குக் குறி போடப் போகிறார்கள். கட்டடக் கோப்பைத்தான் அதனோடு பொருத்த வேண்டும்.

கேள்வி: வேறு கணினியில் திறந்தால் எக்ஸ்ரெஃப் கிடைக்கவில்லை என்கிறது.

பதில்: முழுப் பாதைக்குப் பதில் சார்புப் பாதை வையுங்கள். ஷீட்டும் மூலக் கோப்புகளும் ஒரே டிரைவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சார்புப் பாதை வேலை செய்யாது. வெளியே அனுப்பும்போது ஈ-டிரான்ஸ்மிட் பயன்படுத்துங்கள். எக்ஸ்ரெஃப், ஃபாண்ட், பிளாட் ஸ்டைல் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும்.

கேள்வி: வாடிக்கையாளர் ஒரே கோப்பாகக் கேட்கிறார். எக்ஸ்ரெஃபை ஷீட்டுக்குள்ளேயே நிரந்தரமாகச் சேர்க்க பைண்ட் நல்லதா, இன்சர்ட் நல்லதா?

பதில்: பைண்ட் செய்தால் லேயர் பெயரின் நடுவில் உள்ள செங்குத்துக் கோடு போய், இரு டாலர் குறிகளுக்கு நடுவே ஓர் எண் வரும். எது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பது புரியும், ஆனால் பெயர்கள் நீளமாகும். இன்சர்ட் முன்னொட்டை நீக்கி ஒரே பெயருள்ள லேயர்களைக் கலந்துவிடும். உங்கள் கோப்பிலும் அவர்கள் கோப்பிலும் 'குழாய்' என்று ஒரு லேயர் இருந்தால், அப்புறம் இரண்டையும் பிரிக்க முடியாது. நான் பைண்ட்தான் செய்வேன், அதுவும் ஷீட்டின் நகலில்.

கேள்வி: எக்ஸ்ரெஃப் திரையில் மங்கலாகத் தெரிகிறது. பிரிண்ட்டிலும் மங்குமா?

பதில்: மங்காது. அது திரைக்கு மட்டுமான மங்கல். தாளிலும் மங்க வேண்டுமானால் அந்த லேயர்களுக்கு வியூபோர்ட்டில் வேறு நிறம் கொடுத்து, பிளாட் ஸ்டைலில் அந்த நிறத்துக்கு ஸ்கிரீனிங்கை (மையின் அடர்த்தியை) குறையுங்கள்.