மூன்றாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண் சரிந்ததற்காக வீடு மாற வேண்டுமா?

கலிபோர்னியாவில் உங்கள் மகள் படிக்கும் பள்ளியில், மூன்றாம் வகுப்புக் கணக்கில் தரநிலையை எட்டியவர்கள் போன வருடம் இருந்த 68 சதவீதத்திலிருந்து இந்த வருடம் 55 ஆகக் குறைந்துவிட்டார்கள், வேறு பள்ளி எல்லைக்குள் வீடு பார்க்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு எண்ணை வைத்து வேண்டாம்.

மூன்றாம் வகுப்பில் 60 பேர்தான் என்கிறீர்கள். அப்படியென்றால் அந்த 13 சதவீதம் என்பது எட்டுப் பிள்ளைகள். இந்தச் சதவீதம் வருவது மாநிலம் நடத்தும் ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு தேர்விலிருந்து. அதில் மூன்றாம் வகுப்புக் கணக்கில் தரநிலையை எட்ட வேண்டிய மதிப்பெண், அதாவது கோடு, 2436. ஒரு பிள்ளை 2435 எடுத்தால் 'எட்டவில்லை', 2436 எடுத்தால் 'எட்டியது'. கோட்டருகே நிற்கும் நாலைந்து பேர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்தாலே சதவீதம் ஆடிவிடும். வீட்டுத் தரகர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்!

அதைவிட முக்கியம், நீங்கள் ஒப்பிடுவது ஒரே பிள்ளைகளை அல்ல. போன வருட மூன்றாம் வகுப்பை இந்த வருட நான்காம் வகுப்போடு வைத்துப் பாருங்கள். அதே பிள்ளைகள் ஏறியிருக்கிறார்களா, இறங்கியிருக்கிறார்களா என்பது ஓரளவு தெரியும். இடையில் வந்தவர்கள், போனவர்கள் இருப்பார்கள், பரவாயில்லை. அப்புறம் பள்ளிகளின் நிலவரத்தை மாநிலம் வெளியிடும் கலிபோர்னியா ஸ்கூல் டாஷ்போர்டு இணையதளத்தில் 'தரநிலையிலிருந்து தூரம்' என்று ஒன்று இருக்கும். அது எத்தனை பேர் தாண்டினார்கள் என்று எண்ணாமல், கோட்டிலிருந்து சராசரியாக எத்தனை புள்ளி மேலே அல்லது கீழே என்று காட்டும். நான் அதைத்தான் நம்புவேன்.

நான்காம், ஐந்தாம் வகுப்புகளும் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் இறங்கியிருந்தால் மட்டும் முதல்வரிடம் போய், கணக்குப் பாடத்திட்டத்தையோ ஆசிரியர்களையோ மாற்றினீர்களா என்று நேராகக் கேளுங்கள்.